ஓய்வு பெற்ற தொழிலாளரும் ஆஸ்பத்திரி உபயோகமும்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

கிராம அபிவிருத்தி என்றவுடன் நம் நினைவிற்கு வருபவை சாலை, குடிநீர், பள்ளிக்கூடம், தெருவிளக்கு ஆகியவையே. ஊராட்சி மன்றக் கூட்டங்களில் ஆஸ்பத்திரியைப் பற்றிய பேச்சு எழுமானால், அது பெரும்பாலும் "எங்கள் ஊருக்கும் ஓர் ஆஸ்பத்திரி வேண்டும்" என்ற தீர்மானத்தோடு முடிந்துவிடும். இருக்கின்ற ஆஸ்பத்திரியை நாம் எவ்வாறு உபயோகிக்கிறோம், அதனால் ஊராருக்கு, குறிப்பாக உழைத்து ஓய்ந்த முதியோருக்கு, எவ்வளவு நன்மை விளைகிறது என்பதை ஆராய்வது அரிது. அவ்வாராய்ச்சியில் ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் ஈடுபட வேண்டும் என்ற எண்ணத்துடன் இதை எழுதுகிறேன். இது வைத்தியர்களின் வேலையல்லவா என்று சிலர் கேட்கலாம். நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். என் எண்ணம் மாறிய விதத்தைப் பின்னர் கூறுகிறேன்.

யார் இந்தத் தொழிலாளர்?

கோயம்புத்தூரில் முதல் பஞ்சாலை 1888ஆம் ஆண்டில் ஏற்பட்டது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் பல்கிப் பெருகின. சுற்றிலுமுள்ள கிராமங்களில் மானாவாரி நிலத்தை நம்பியிருந்த குடும்பங்களிலிருந்து குடும்பத்திற்கு ஒருவராவது ஆலைக்குச் சென்றார். பெரும்பாலோர் நகரத்தில் குடியேறவில்லை. சைக்கிளிலும் பஸ்ஸிலும் சென்று, ஷிப்ட் முடிந்ததும் ஊருக்கே திரும்பினர். மழை பெய்தால் சோளம் விதைத்தனர். பெய்யாவிட்டால் ஆலைச் சம்பளம் கைகொடுத்தது. ஐம்பத்தெட்டு வயது நிரம்பிய பின் அவர்கள் முழுநேரமும் ஊரில் தங்கிவிட்டார்கள். இன்று எங்கள் வட்டாரத்தில் எந்தக் கிராமத்துத் திண்ணையை எடுத்துக்கொண்டாலும், அங்கு அமர்ந்திருக்கும் நால்வரில் ஒருவராவது முன்னாள் ஆலைத் தொழிலாளியாக இருப்பார். கொஞ்சம் ஆடு மேய்ப்பார். மகனுடைய தோட்டத்திற்கு மடை திருப்புவார். அவரைக் கேட்டால் "விவசாயம்" என்றே சொல்வார். ஆனால் அவருடைய நுரையீரலும் காதும் முழங்காலும் ஆலையைச் சேர்ந்தவை.

2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். சரியாகச் சொன்னால் 10.4 சதவிகிதம். அதன் பின் இவ்விகிதம் உயர்ந்தே வந்துள்ளது. மகன்களும் மகள்களும் வேலை தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் சென்றுவிட்ட கிராமங்களில் முதியோர் விகிதம் இன்னும் அதிகம் என்பதை நம் கண்ணாலேயே காண்கிறோம்.

இவர்களுடைய வருமானம் சொற்பம். ஆலையில் பணிபுரிந்த காலத்தில் வருங்கால வைப்பு நிதியைச் சார்ந்து 1995இல் ஏற்பட்ட ஓய்வூதியத் திட்டத்தில் 1-9-2014 முதல் குறைந்தபட்சத் தொகை மாதம் ரூ. 1,000 என நிர்ணயிக்கப்பட்டது. அதனை ஒட்டிய தொகையையே பெறுபவர் பலர். ஒரு தடவை நகரத்து டாக்டரைப் பார்த்து, இரத்தமும் பரிசோதித்து, மாத்திரையும் வாங்கிவந்தால் அம்மாத ஓய்வூதியம் தீர்ந்தது. ஆகவே ஆஸ்பத்திரியை எப்படி உபயோகிப்பது என்பது இவர்களுக்கு வெறும் ஆரோக்கியப் பிரச்னை அன்று, சோற்றுப் பிரச்னையுமாகும்.

படுக்கைக் கணக்கு

ஆஸ்பத்திரியின் திறமையை அளப்பதற்கு நிர்வாகிகள் சில கணக்குகளை உபயோகிக்கிறார்கள். அவை கடினமானவை அல்ல. வாய்க்கால் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிய அனுபவம் உள்ளவர் எவரும் எளிதில் புரிந்துகொள்ளலாம்.

வட்டார அளவில் முப்பது படுக்கைகள் கொண்ட ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முப்பது நாள் கொண்ட மாதத்தில் அங்கு 900 படுக்கை-நாட்கள் கிடைக்கின்றன. அம்மாதத்தில் நோயாளிகள் தங்கிய நாட்களையெல்லாம் கூட்டினால் 630 வருகிறது எனில், 630ஐ 900ஆல் வகுத்து நூறால் பெருக்க, 70 சதவிகிதம் என்று கிடைக்கும். இதுவே படுக்கை நிரம்பிய விகிதம். அம்மாதத்தில் வீடு திரும்பியவர்கள் 105 பேர் எனில், ஒருவர் சராசரியாகத் தங்கியது ஆறு நாட்கள். இச்சராசரி ஐந்து நாட்களாகக் குறைந்தால் அதே 630 படுக்கை-நாட்களில் 126 பேருக்குச் சிகிச்சை அளிக்கலாம். அதாவது ஒரு செங்கல் கூட வைக்காமல் இருபத்தொரு பேருக்கு அதிகப்படியாக இடம் கிடைக்கிறது. தண்ணீர் முறை தவறினால் அத்தண்ணீர் திரும்பி வராததுபோல, காலியாகக் கழிந்த படுக்கை-நாளும் திரும்பி வராது. அதேபோல் தேவையின்றி ஒருவர் தங்கிய நாளும் பிறிதொருவருக்குக் கிடைக்காமல் போன நாளேயாகும்.

வெளிநோயாளிகள் கணக்கும் இத்தகையதே. ஒரு டாக்டர் காலையில் நான்கு மணி நேரம், அதாவது 240 நிமிடங்கள், நோயாளிகளைப் பார்க்கிறார். வரிசையில் 120 பேர் நிற்கிறார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம். இந்த 120 பேரில் நாற்பது பேர் சென்ற மாதம் வாங்கிய இரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் மறுபடி வாங்கவே வந்தவர்களாயின், அவர்களுக்கு வேறு ஏற்பாடு செய்துவிட்டால் எஞ்சியவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைக்கும். ஒரு நிமிடம் அற்பமாகத் தோன்றலாம். நோயாளியின் காலுறையைக் கழற்றிப் பாதத்தைப் பார்ப்பதற்கு அந்த ஒரு நிமிடமே தேவைப்படுகிறது.

மேற்சொன்ன வேறு ஏற்பாடு நம் ராஜ்யத்தில் இருக்கிறது. 5-8-2021இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின்படி, மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதித்து மாத்திரை வழங்குகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்போருக்கு இயன்முறைச் சிகிச்சையாளரும் செவிலியரும் வருகிறார்கள். இத்திட்டத்திற்கு 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் பல அமைப்புகள் சேர்ந்த குழு விருதளித்தது. விருதைவிட, அந்தத் தன்னார்வலர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர் மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்தவர்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. எந்த வீட்டில் யார் மாத்திரையைத் தின்னாமல் டப்பாவில் சேர்த்து வைக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இருப்பினும், இக்கணக்குகளில் ஒரு குறை உண்டு. நாளுக்கு முன்னரே வீட்டிற்கு அனுப்பப்பட்ட முதியவர் நான்கே நாளில் திரும்ப வந்து சேர்ந்தால், கணக்கில் அவர் இரண்டு நோயாளிகளாகத் தோன்றுவார். சராசரித் தங்கலும் குறைந்திருக்கும். ஏட்டில் திறமை கூடியிருக்கும், மனிதர் நலிந்திருப்பார். ஆகவே படுக்கைக் கணக்கோடு இன்னொரு கணக்கும் வேண்டும். அதுதான் வாழ்க்கைத் தரம்.

ஆறு கேள்விகள்

1948இல் அமலுக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் சாசனம், ஆரோக்கியம் என்பது நோயின்மை மட்டுமல்ல, உடலும் உள்ளமும் சமூக வாழ்வும் நலமுற்றிருக்கும் நிலை என்று வகுத்துள்ளது. பின்னர் அந்த ஸ்தாபனமே வாழ்க்கைத் தரத்தை அளப்பதற்கு உடல், மனம், பிறருடனான உறவு, சுற்றுப்புறம் என நான்கு பிரிவுகளில் இருபத்தாறு கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை வெளியிட்டது. நம் கிராமங்களில் இருபத்தாறு கேள்விகளைக் கேட்கப் பொறுமை யாருக்கு? அதனினும் எளிய அளவுகோல் ஒன்று உண்டு. சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க வைத்தியர் 1963இல் வெளியிட்ட முறையில் ஆறு காரியங்களே கவனிக்கப்படுகின்றன. குளித்தல், உடுத்தல், கழிப்பறைக்குச் சென்று வருதல், படுக்கையிலிருந்து எழுந்து அமர்தல், மலஜலத்தை அடக்கும் சக்தி, தானே உண்ணுதல். இவற்றைப் பிறர் துணையின்றிச் செய்கிறாரா, துணையுடன் செய்கிறாரா என்பதே கேள்வி.

இதைப் படித்தபோது எனக்குச் சற்று வியப்பாக இருந்தது. ஆறு கேள்விகளில் மாத்திரையைப் பற்றி ஒன்றுமில்லை. கிணற்றடி, கழிப்பறை, கட்டில், வாசற்படி ஆகியவையே இருக்கின்றன. இவை சுகாதாரத் துறையைவிட என் அலுவலகத்திற்கே நெருக்கமான விஷயங்கள்.

ஒரு மனுவின் கதை

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு முதியவர் என் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். முப்பத்துநான்கு ஆண்டுகள் ஒரு நூற்பாலையில் பஞ்சு பிரிக்கும் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதியால் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். 2014இல் தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தின் கீழ் ரூ. 12,000 ஊக்கத்தொகையில் அவருடைய வீட்டிலும் தனிநபர் கழிப்பறை கட்டப்பட்டிருந்தது. அதில் குந்தி உட்கார்ந்தால் எழ முடியவில்லை. ஆகவே ஒரு கைப்பிடிக் கம்பியும், உயரமான இருக்கையும் வைத்துத் தரவேண்டும் என்பது மனுவின் சாரம்.

அலுவலகத்தில் மனுவைப் பரிசீலித்து, "இத்தகைய பணிக்குத் திட்டத்தில் இடமில்லை" என்று பதில் தயாரித்தார்கள். விதிப்படி அது சரியான பதில். நான் கையொப்பமிட்டேன். அன்றைய தினம் இருபத்தேழு மனுக்களுக்குக் கையொப்பமிட்டதாக ஞாபகம்.

ஏழு மாதம் கழித்து அதே ஊருக்குச் சாலைப் பணியைப் பார்வையிடச் சென்றேன். அம்முதியவர் இடுப்பெலும்பு முறிந்து, நகரத்து ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் படுத்திருந்து, திரும்பி வந்திருப்பதாகச் சொன்னார்கள். வீட்டிற்குச் சென்றேன். வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். கழிப்பறையில் விறகு அடுக்கியிருந்தது.

நடந்தது இதுதான். கழிப்பறையில் உட்கார முடியாததால் விடியற்காலையில் கோலூன்றி வெளியே காட்டுப் பக்கம் சென்று வந்திருக்கிறார். மழைக் காலத்தில் அதுவும் முடியவில்லை. "ராத்திரிச் சோத்தையே நிறுத்திப் போட்டனுங்க. தின்னாத்தானுங்க காலையில போகோணும்?" என்றார். சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கியிருக்கிறார். உணவின்றி அம்மாத்திரை உள்ளே போனால் இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும் என்றும், விடியற்காலையில் கண் இருட்டி விழுவதற்கு அதுவே காரணமாகலாம் என்றும் பின்னர் வட்டார மருத்துவ அலுவலர் எனக்கு விளக்கினார்.

இந்த நிகழ்ச்சியைக் கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் எல்லாத் துறைகளும் தத்தம் கடமையைச் செய்திருக்கின்றன. வீட்டுக்கு வீடு கழிப்பறை என்ற என் பதிவேட்டில் அவர் வீடு "முடிவுற்றது". மாத்திரை வழங்கும் பதிவேட்டில் அவர் "ஒழுங்காகப் பெறுபவர்". இரண்டு பதிவேடுகளிலும் வெற்றி. அவர் விழுந்து கிடந்தார்.

செலவைப் பாருங்கள். பத்தொன்பது படுக்கை-நாட்கள், அறுவைச் சிகிச்சை, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் ஒன்றரை மாதம் கூலி இழந்தார், மாமியாருக்கு மூட்டு வலியாதலால் மருமகளும் வேலைக்குச் செல்லவில்லை. இரண்டு ஆடுகளை விற்றார்கள். இவ்வளவுக்கும் மறுபுறத்தில் நிற்பது சுவரில் பதிக்கும் மூன்றடி இரும்புக் குழாயும், நடுவில் துளையிட்ட ஒரு நாற்காலியும். உள்ளூர்க் கொத்தனாரைக் கொண்டு பிற்பாடு செய்தபோது கூலியுடன் இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அந்த ஊர் முன்னாள் ஆலைத் தொழிலாளர் சிலரும் ஒரு வார்டு உறுப்பினரும் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். ஒரு திட்டமும் தேவைப்படவில்லை.

நான் வருத்தம் தெரிவித்தபோது அவர், "உங்க மேல குத்தமில்லீங்க ஐயா. இனி யாருக்காச்சும் கக்கூஸ் கட்டறப்ப வயசு எத்தனைன்னு ஒரு வார்த்தை கேட்டுப் போட்டுக் கட்டச் சொல்லுங்க" என்றார். அவ்வளவு பெரிய திட்டத்தின் படிவத்தில் அந்தக் கேள்வி இருந்ததாக எனக்கு நினைவில்லை.

நூற்று இருபது ரூபாய்

அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது இன்னொன்றும் தெரிய வந்தது. ஆலையில் இருந்தவரை அவருக்கு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் சிகிச்சை கிடைத்திருக்கிறது. ஓய்வு பெற்றதும் அது நின்றுவிட்டது என்றே நினைத்திருக்கிறார். பலரும் அவ்வாறே நினைக்கிறார்கள்.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் 24-2-1952இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கி, 1955இல் கோயம்புத்தூருக்கு வந்தது. இத்திட்டத்தில் குறைந்தது ஐந்து ஆண்டுகள் காப்பீடு பெற்றிருந்து, ஓய்வு வயதை அடைந்து விலகியவர், மாதம் ரூ. 10 வீதம் ஓராண்டுக்கு ரூ. 120ஐ முன்னதாகச் செலுத்தினால், தமக்கும் தம் மனைவிக்கும் (பெண் தொழிலாளியாயின் கணவருக்கும்) தொடர்ந்து வைத்திய உதவி பெறலாம். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பழைய காப்பீட்டு எண்ணும், ஓய்வு பெற்றதற்கான அத்தாட்சியும் கொண்டு கிளை அலுவலகத்தை அணுக வேண்டும். ஆலை மூடப்பட்டுவிட்ட இடங்களில் அத்தாட்சி வாங்குவதில்தான் தொல்லை. டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய அடையாள அட்டை, வைப்பு நிதிக் கணக்குச் சீட்டு, சர்வீஸ் சான்றிதழ் ஆகியவற்றை எவரும் எறிந்துவிட வேண்டாம். எலி கடித்த சீட்டாயினும் பத்திரப்படுத்துங்கள்.

பெரிய அறுவைச் சிகிச்சை போன்றவற்றிற்கு, ஆண்டு வருமானம் ரூ. 1,20,000க்கு மேற்படாத குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். ஆண்டுக்குக் குடும்பத்திற்கு ரூ. 5 லட்சம் வரை அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சைகளுக்கு இடமுண்டு. ஆனால் தலைவலிக்கும் சளிக்கும் வெளிநோயாளியாகச் செல்வதற்கு இது உதவாது. இவ்வேறுபாடு தெரியாமல் காப்பீட்டு அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு தனியார் கிளினிக் வாசலில் வாதாடிய பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, அரசு ஆஸ்பத்திரிகளில் முதியோருக்குத் தனி வரிசை இருக்க வேண்டும் என்றும், இயன்றவரை படுக்கை வசதி அளிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. வரிசையில் தனி இடம் கேட்பது சலுகையைக் கெஞ்சுவதாகாது.

சொல்லாமல் விட்ட தொழில்

பஞ்சுத் தூசியைப் பல ஆண்டுகள் சுவாசித்தவர்களுக்கு பைசினோசிஸ் என்ற மார்பு நோய் வருவதுண்டு. தொடக்கத்தில் அதன் அடையாளம் விசித்திரமானது. வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மார்பு இறுகும், மறுநாள் குறையும். ஆண்டுகள் செல்லச் செல்ல இறுக்கம் எல்லா நாட்களிலும் நிலைத்து, மூச்சுத் திணறலாக முற்றிவிடலாம். பீடி குடிப்பவருக்கு இன்னும் மோசம். ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணையில் இது தொழில் சார்ந்த நோயாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது.

ஓய்வு பெற்று ஐந்தாறு ஆண்டுகள் கழித்து மூச்சிரைப்புடன் ஆஸ்பத்திரிக்குச் செல்பவரை, "என்ன வேலை?" என்று கேட்டால், முன்பே சொன்னேனே, "விவசாயம்" என்கிறார். டாக்டருக்குப் பஞ்சின் நினைவு எப்படி வரும்? ஆகவே முன்னாள் தொழிலாளர் எந்த ஆஸ்பத்திரிக்குச் சென்றாலும், எந்த ஆலையில், எந்தப் பகுதியில், எத்தனை ஆண்டு என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் தாமே கூற வேண்டும். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால், ஆலைத் தூசிதானே என்று அலட்சியமாக இராமல் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். தறிக்கூடத்தில் இருந்தவர்களுக்குக் காது மந்தமாவது சகஜம். டாக்டர் சொன்னது காதில் விழாமல் தலையாட்டிவிட்டு, காலையில் தின்ன வேண்டியதை இரவில் தின்றவர்களும் உண்டு. துணைக்கு ஒருவர் செல்வது நல்லது.

பாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உழவு மாட்டின் குளம்பைத் தூக்கிப் பார்க்காமல் எந்த விவசாயியும் ஏரில் பூட்டமாட்டார். தம் சொந்தப் பாதத்தைப் பார்ப்பவரைத்தான் காணோம். சர்க்கரை வியாதி நாட்பட்டால் பாதத்தின் உணர்ச்சி குன்றிவிடும். கருவேல முள் தைத்தாலும் தெரியாது. தினமும் மாலையில் கால் கழுவியபின் வெளிச்சத்தில் பாதத்தின் அடியைப் பார்க்க வேண்டும். கண் மங்கினவருக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். புண் இருந்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிப் பத்து நாள் பார்ப்பது கூடாது. அன்றே துணை சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் காட்ட வேண்டும்.

இன்னொரு வீண் செலவு, ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறுவது. ஓர் இடத்தில் இரண்டு நாள் குணம் தெரியாவிட்டால் அடுத்த இடம். அங்கு பழைய சீட்டைக் காட்டினால் டாக்டர் கோபிப்பார் என்று மறைத்துவிடுகிறார்கள். ஆகவே அதே இரத்தப் பரிசோதனை, அதே எக்ஸ்ரே, சில சமயம் வேறு பெயரில் அதே மாத்திரை இரட்டிப்பாக! ஒரு துணிப் பையில் எல்லாச் சீட்டுகளையும் தேதி வரிசையில் வைத்து, போகும் இடமெல்லாம் எடுத்துச் சென்றால் பாதித் தொல்லை நீங்கும். ஆனால் இதைச் சொல்லும்போது எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். நோயாளிக்குப் புரியும்படி தமிழில் நான்கு வரி எழுதிக் கொடுத்து அனுப்பும் ஆஸ்பத்திரிகள் குறைவு. வீடு திரும்பும் நாளில், அடுத்து எப்போது வரவேண்டும், எந்த அறிகுறி கண்டால் உடனே வரவேண்டும் என்ற இரண்டையாவது கேட்டு எழுதி வாங்காமல் எழுந்து வரலாகாது.

எங்கள் வட்டாரத்தில் செய்தவை

ஊராட்சி மன்றத்திற்கு ஆஸ்பத்திரி நடத்தும் அதிகாரம் இல்லையே என்று சொல்பவர்களுக்காக, நாங்கள் செய்த சில சிறு காரியங்களைக் கூறுகிறேன். அனைத்தும் பலித்தன என்று சொல்லமாட்டேன்.

ஓர் ஊரிலிருந்து அரசு ஆஸ்பத்திரிக்குச் செல்லும் முதல் பஸ், வெளிநோயாளிச் சீட்டு வழங்குவது முடியும் தறுவாயில்தான் போய்ச் சேர்ந்தது. முதியோர் முந்தைய இரவே சென்று தாழ்வாரத்தில் படுத்துக்கொண்டார்கள். பஸ்ஸை நாற்பது நிமிடம் முன்னதாக விடுமாறு கிராம சபையில் தீர்மானம் போட்டு அனுப்பினோம். இரண்டாவது தீர்மானத்திற்குப் பலன் கிடைத்தது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆகவே எங்கள் பகுதியில் மனைவி இலவசமாகவும், நடக்க முடியாத கணவர் டிக்கெட் வாங்கியும் ஒரே இருக்கையில் பயணம் செய்கிறார்கள்! இதைப் பற்றி அவர்கள் பஸ்ஸிலேயே சிரித்துக்கொள்வதுண்டு.

ஊராட்சித் தலைவரும் சுகாதாரச் செவிலியரும் அங்கம் வகிக்கும் கிராம சுகாதாரக் குழு பல ஊர்களில் காகிதத்தில் மட்டுமே இருந்தது. அதனைக் கூட்டி, அறுபது வயதைக் கடந்த தனிமையான முதியோரின் பட்டியலைத் தயாரிக்கச் சொன்னோம். பட்டியலில் நோயின் பெயரைக் கேட்கவில்லை. மேலே கூறிய ஆறு கேள்விகளை மட்டும் சேர்த்தோம். சுகாதாரத் தன்னார்வலர் மாத்திரை கொடுக்கச் செல்லும்போதே இவற்றையும் கேட்டு, ஆம் அல்லது இல்லை என்று குறித்துவிடுவார். ஒரு வீட்டிற்கு ஐந்து நிமிடம் கூட ஆகாது.

ஆனால் இரண்டு ஊர்களில் இது சரிவரவில்லை. "எங்க மாமனார் தனியாக் குளிக்க முடியாதுன்னு எழுதினா, நாங்க பாக்கறதில்லைன்னு ஊரு பேசும்" என்று ஒரு மருமகள் தன்னார்வலரைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. முதியோருக்கு நாம் பட்டியல் போட்டால், பராமரிக்கிறவர்களைக் குற்றவாளிகளாக நிறுத்துவதுபோல் ஆகிவிடுகிறது. பிறகு கேள்வியின் வடிவத்தை மாற்றினோம். "குளிக்கிற இடத்தில் வழுக்குகிறதா? பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?" என்று வீட்டைப் பற்றிக் கேட்டோம், மனிதரைப் பற்றிக் கேட்கவில்லை. பதில்கள் வந்தன.

ஊராட்சியின் சொந்தக் கட்டடங்களான அலுவலகம், நூலகம், சமுதாயக் கூடம் ஆகியவற்றின் படிகளில் கைப்பிடி பொருத்துவதற்கு மன்றத்தின் தீர்மானமே போதும். இதில் முதியோர் சங்கடம் மட்டுமல்ல, பிரசவித்த பெண்களின் சங்கடமும் தீர்கிறது. அவசரத்திற்கு 108 ஆம்புலன்ஸ் எண் எல்லோருக்கும் தெரியும். வைத்திய ஆலோசனைக்கு 104, முதியோர் உதவிக்கு 14567 ஆகிய எண்கள் அவ்வளவாகத் தெரிவதில்லை. ரேஷன் கடைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தோம். சுண்ணாம்பு அடிக்கும்போது ஓர் ஊரில் அழித்துவிட்டார்கள். மறுபடி எழுத வேண்டியிருந்தது.

சென்ற மே 1ஆம் தேதி நடந்த கிராம சபையில், முன்னர் கூறிய முதியவர் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தாமே நடந்து வந்து முன்வரிசையில் அமர்ந்தார். அந்த ஊர்ப் பட்டியலில் பிடிகம்பி தேவை என்று குறித்திருந்த வீடுகள் பதினேழு. ஒன்பது வீடுகளில் பொருத்தியாகிவிட்டது. இரண்டு வீட்டார் வேண்டாம் என்றார்கள். எஞ்சிய ஆறு வீடுகளுக்கு வேண்டிய குழாய் ஊராட்சி அலுவலகத்துத் தாழ்வாரத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. கொத்தனார் நோம்பி முடிந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.